கிளம்பாத எஞ்சினும் நான் கேட்ட கேள்வியும்

கண்ணு,

நேற்று சாயங்காலம் நீ போனில் பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மலையில் டவர் வருவதும் போவதுமாக இருக்கிறது. விழுந்தவரைக்கும் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஓடைக்கரையில் நீ வைத்திருக்கும் நம் பழைய தண்ணீர் இறைக்கும் எஞ்சின் மூன்று நாளாகக் கிளம்பவில்லை. மிளகுக் கன்றுகள் வாடுகின்றன. கடைசியாக எஞ்சினைத் தொட்டவர் உன்னிடம் வேலை பார்க்கும் சடையன். "டேங்குல எதையோ கலந்துட்டாருன்னு சந்தேகமா இருக்குப்பா, ஆளு ஒரு மாதிரியா முழிக்கிறாரு, ஞாயித்துக்கிழமை வருவாரு, நேராவே கேட்டுடப் போறேன்" என்றாய். அத்தோடு லைன் போய்விட்டது. நான் நாலைந்து தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதுதான் என்று பிறகு தோன்றியது. போனில் என்றால் "கேக்காதேடா" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், நீ "ஏன்" என்று கேட்டிருப்பாய், அந்த "ஏன்" என்பதற்குப் பதில் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது. நாளைக் காலை கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டிரைவர் என்னிடம் படித்தவர், அங்கே பஸ் நிற்கும் இடத்துக் கடையில் உன் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உன் வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது உனக்கு அவசரம். சின்ன எஞ்சின் ஒன்றுக்கு மூன்று பொருள்தான் வேண்டும். எரிய எண்ணெய், மூச்சுவிடக் காற்று, பற்றவைக்க ஒரு பொறி. வகுப்பில் இதை நடத்தும்போது நான் அடுப்பைத்தான் உதாரணம் சொல்வேன். ஒரு தடவை எட்டாம் வகுப்பில் கேட்டேன், "அடுப்பு எரியலன்னா உங்கம்மா முதல்ல இன்னா பண்ணுவாங்க?" விறகு ஈரமா என்று பார்ப்பார்கள், ஊதுவார்கள் என்று ஏதாவது பதில் வரும் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "எங்கப்பாவத் திட்டுவாங்க சார்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தப் பெண் சொன்னதுதான் உலகத்தில் பெரும்பாலும் நடக்கிறது என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

ஆகையால் வரிசையாகப் பார். டேங்கில் இருப்பது எத்தனை மாதத்துப் பெட்ரோல்? மூன்று நாலு மாதம் கிடந்த பெட்ரோலுக்கு உயிர் இருக்காது, புளித்த மாதிரி ஒரு வாசம் வரும். அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்று. டேங்கின் அடியில் இருக்கும் திருகு திறந்திருக்கிறதா பார். படித்தவர்கள்தான் அதை மறப்பார்கள். பிறகு பிளக்கைக் கழற்று. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, ஆனால் அளவுக்கு மீறி வந்து மூச்சு முட்டியிருக்கிறது என்று பொருள். துடைத்து வெயிலில் வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இரு. காய்ந்து கிடந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. கழற்றிய பிளக்கை வயரோடு சேர்த்து, அதன் இரும்பு எஞ்சின் உடம்பில் படுகிற மாதிரி வைத்துக்கொள். எண்ணெய் வாசம் பக்கத்தில் இருக்கக் கூடாது, அது முக்கியம். கயிற்றை இழு. நீலமாக ஒரு பொறி வந்தால் நெருப்பும் சரி. அதற்கப்புறம்தான் கார்புரேட்டர். ஒவ்வொன்றாகப் பார், ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. உன் எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது. இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும்? ஆனால் இதே எஞ்சின் ஒரு தடவை மூன்று நாள் கிளம்பாமல் இருந்தது. அந்த மூன்று நாளில் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கம்மாவுக்கும் தெரியும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, "அந்தக் கதையா எழுதறீங்க? எல்லாத்தையும் எழுதுங்க, நடுவுல வுட்டுடாதீங்க" என்கிறாள்.

நீ அப்போது உங்கம்மா வயிற்றில் ஆறு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்தவன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. நம் பக்கத்து ஆட்கள் தங்களுக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சாலைக்கு வந்தார்கள். கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகள் பத்தாவதைத் தாண்ட முடியாமல் மண்வெட்டியோடு திரும்பியதைப் பார்த்தவன் நான். ஆனால் அந்த வாரம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சி ரோட்டில் பஸ் இல்லை, லாரி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. தார் ரோட்டின் நடுவில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வெட்டிச் சாய்த்த மரங்களுக்குத் தாங்கள் விழுந்துவிட்டது இன்னும் தெரியவில்லை, இலையெல்லாம் பச்சையாகவே இருந்தன. குருவிகள் தரையோடு கிடந்த உச்சிக்கிளையில் வந்து உட்கார்ந்து, எங்கே வந்தோம் என்பதுபோலச் சுற்றிச்சுற்றிப் பார்த்தன. புழுதி அடங்கிப் போனதால் மேற்கே கல்வராயன் மலை தினமும் ஒரு அடி நம் பக்கமாக நகர்ந்து வருவது போலத் தெரியும். மத்தியானத்தில் பார்த்தால் மலைமேல் மேகத்தின் நிழல் போவதுகூடத் தெரியும். தூக்கத்தில் நடப்பது போல ஊர் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் தூக்கத்துக்குள் ஒரு பயமும் இருந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த பேச்சு நின்று போயிருந்தது. அங்கே குடிசை எரிந்ததாம், இங்கே ஆளை அடித்தார்களாம் என்று யாரும் பார்க்காத செய்திகள் வந்துகொண்டிருந்தன. இந்த நேரத்தில் காலனியிலிருந்து தினமும் தனியாக நம் கொல்லிக்கு, கிணற்று வயலுக்கு, வந்துபோன ஒரே ஆள் ஏழுமலை. உனக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை. என் அப்பா காலத்தில் நம் கிணற்றடியில் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். என்னைவிட மூன்று வயது பெரியவர், ஆனால் அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "நீ, வா, போ" என்பேன். அப்படித்தான் வழக்கம் என்று நானும் யோசிக்காமல் இருந்தேன். அந்த வருஷம்தான் முதல்முறையாக அவர் நம்மிடம் ஒரு ஏக்கரை விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு எடுத்து, தன் பயிர் என்று சொல்லி நெல் நட்டிருந்தார். அந்தப் போகம் கைக்கு வந்தால் ஊரிலேயே இருந்துவிடலாம். வராவிட்டால் முந்தைய வருஷங்களைப் போல பெண்டாட்டி பிள்ளைகளோடு கரும்பு வெட்டப் போக வேண்டும், பிள்ளைகளின் படிப்பும் அதோடு போகும். நெல் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற பருவம். அப்போது ஒரு வாரம் தண்ணீர் தப்பினால் எல்லாம் பதராகிவிடும்.

சாய்ந்த புளியமரம் ஒன்று கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. மோட்டார் நின்றுவிட்டது. மின்சார ஆபீஸிலிருந்து யாரும் வர வழியில்லை. நாலாவது நாள் வயலில் மண் வெடிக்க ஆரம்பித்தபோது ஏழுமலை வந்து வாசலில் நின்றார். "சார், பெரியவரு எஞ்சின் ஒண்ணு இருந்துச்சே." பெரியவர் என்றது என் அப்பாவை. மோட்டார் வந்தபிறகு இரண்டு வருஷமாகக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது அது. இப்போது உன்னிடம் இருக்கிறதே, இதேதான். நீ இப்போது பெட்ரோலிலேயே ஓட்டுகிறாய். அன்றைக்கு அதற்கு இரண்டு டேங்க். சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட வேண்டும். பெட்ரோல் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரின் மொபெட்டிலிருந்து ஒரு பாட்டில் கிடைத்தது. மண்ணெண்ணெய்க்கு வழியில்லை. ஏழுமலை தன் வீட்டு ரேஷன் மண்ணெண்ணெயைக் கேனோடு கொண்டுவந்தார். "விளக்குக்கு இன்னா பண்ணுவே?" என்று கேட்டேன். "பொழுதோட தின்னுட்டுப் படுத்துக்கினா விளக்கு எதுக்கு சார்" என்றார்.

சாக்கை எடுத்தபோது பெரிய டேங்கின் மூடிமேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குளவிக்கூடு இருந்தது. உங்கம்மா அதை ஏற்கனவே பார்த்து வைத்திருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் குளவிக்கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை; அது மண் குழைத்துக் கட்டுவது இந்த வீட்டுப் பிள்ளைக்காக என்பார்கள். "எஞ்சின எங்க வேணா தூக்கிக்கினு போங்க, கூட்டுல ஒரு பொட்டு மண்ணு உதிரக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவன். குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கூட்டில் அடைப்பது தன் குஞ்சுக்குத் தீனியாக என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். ஆனால் மூங்கில் கழியில் கட்டி நானும் ஏழுமலையும் எஞ்சினைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, வழியெல்லாம் என் கண் அந்தக் கூட்டின் மேல்தான் இருந்தது. எட்டு வருஷம் காத்திருந்தவனுக்குக் கரும்பலகை ஞாபகம் வராது கண்ணு.

முதல் நாள் முழுக்க எஞ்சின் முனகக்கூட இல்லை. நான் சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டிவிட்டுப் பாடம் நடத்துவது போலவே வேலையை ஆரம்பித்தேன். எண்ணெய், காற்று, பொறி என்று ஏழுமலைக்கு விளக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவர் நடுவில், "சார், பெரியவரு காலத்துல இந்த எஞ்சினுக்கு..." என்று ஏதோ தொடங்கினார். "இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் நிறுத்திவிட்டார். சாயங்காலம்தான் ஒரு தவறு தெரிந்தது, அது என்னுடையதே. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி இரண்டு நிமிஷம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த தடவை கிளம்பாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் வந்த சந்தோஷத்தில் நான் அப்படியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கசடையெல்லாம் வழித்துக் கழுவி, மறுநாள் காலை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. அந்தச் சத்தம் யாருமில்லாத ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. குழாய் வாயில் தண்ணீர் இருமிக்கொண்டு வந்து, வாய்க்காலில் காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. ஏழுமலை மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார், குழந்தையை நடக்கப் பழக்குகிற மாதிரி. தண்ணீர் அவர் மடையைத் தொடுவதற்குப் பத்தடி இருக்கும்போது எஞ்சின் இரண்டு முறை திக்கி நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தால் பெட்ரோலில் கிளம்பும். மண்ணெண்ணெய்க்குத் திருப்பினால் சற்று நேரம் ஓடும், நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் கொஞ்சம் வரும், வாய்க்கால் குடித்துவிடும். அன்று பூராவும் அப்படியே போனது. மடைக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. ஏழுமலை வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைப் பிடுங்கி, மணியை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பால் வருகிறதா என்று பார்க்கிறார்.  எனக்கு வெயில், பசி, அதோடு நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்கிற கோபம். மனம் ஒரு கணக்குப் போட்டது. பெட்ரோலில் ஓடுகிறது, மண்ணெண்ணெயில் நிற்கிறது. அப்படியானால் கோளாறு மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது? காலனியிலிருந்து. இந்த மாதிரி நாளில் காலனியிலிருந்து. பார், ஒவ்வொரு படியும் எவ்வளவு சரியாக இருக்கிறது. தப்பான இடத்துக்குப் போகிற வழியும் அப்படித்தான் படிப்படியாக இருக்கும்.

மூன்றாம் நாள் காலை அவர் வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "ஏழுமல, இந்த மண்ணெண்ணெயில உங்க பக்கத்துப் பசங்க யாராவது தண்ணிய கிண்ணிய கலந்து வுட்டுட்டாங்களா?"

ஏழுமலை தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல், லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது, "எம் பயிரு காயறதுக்கு எங்காளுங்களே வழி பண்ணுவாங்களா சார்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கேட்டுட்டீங்க. பாத்துருவோம்" என்றார்.

கொட்டகையில் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துவந்தார். பெரிய டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அதற்குள் விட்டார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும். எத்தனையோ வருஷம் நான் வகுப்பில் செய்துகாட்டிய சோதனை. அதை அவர் எனக்குச் செய்துகாட்டினார். டம்ளரை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், ஒரு கோடு இல்லை. "பாத்துக்குங்க சார்" என்றார். எனக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. டம்ளரை விட்டுக் கண்ணை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குழாயைப் பார்த்தேன். அதிலிருந்து முதலில் கயிறு போல விழுந்த எண்ணெய் நூல் போலாகி, சொட்டாகி, நின்றுவிட்டது. டேங்கை விரலால் தட்டினேன். முக்கால் பங்கு நிறைந்த சத்தம். இவ்வளவு எண்ணெய் இருந்தும் கீழே இறங்கவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. உறிஞ்சுகுழலில் தண்ணீரை எடுத்து மேல்வாயை விரலால் மூடிக்கொண்டால் கீழே திறந்திருந்தாலும் தண்ணீர் விழாது. விரலை எடுத்தால் விழும். இதையும்தான் நான் வருஷா வருஷம் செய்துகாட்டுவேன். டேங்குக்குள் எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள். "மூடியில ஓட்டை ஒண்ணு இருக்குமே" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குளவிக்கூட்டைப் பார்த்தோம். குளவி கெட்டிக்காரி, ஒரு இழை காற்றுக்கூடப் போகாதபடி பூசியிருந்தாள்.

நான் கையை நீட்டினேன். கூட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது. "நீ எடேன்" என்றேன் ஏழுமலையிடம். வெட்கக்கேடு, ஆனால் சொன்னேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் தொட மாட்டேன் சார். மண்ணெண்ண ஏற்கனவே என் தலையில வந்துச்சு. நாளைக்கு அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அதுவும் என் தலையில வரும். நீங்க எடுக்கறதுன்னாலும் அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க." வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய நெல் நின்றது. நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பிடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உங்கம்மா கேழ்வரகுக் கூழ்த் தூக்கோடு வரப்பில் மெல்ல வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கூட்டைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "கூட்ட எதுக்கு உடைக்கணும்? மூடியக் கழட்டி நெழல்ல வைங்க. டேங்கு வாய்க்கு ஒரு துணியக் கட்டினா ஆவாதா?" என்றாள். அவ்வளவுதான். உடைப்பதா வேண்டாமா என்றே மூளை ஓடிக்கொண்டிருந்த எனக்கு, மூடி என்பது திருகினால் கழன்றுவரும் பொருள் என்பது தோன்றவில்லை; முதல் நாள் மண்ணெண்ணெய் ஊற்ற அதே மூடியைக் கூட்டோடு மெல்லக் கழற்றி மாட்டியவனும் நான்தான். "இவருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது ஏழுமல" என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாள். நான் மூடியைத் திருகியபோது உஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கூட்டோடு மூடியைக் கொட்டகை மாடத்தில் வைத்தேன். என் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து டேங்க் வாயில் கட்டினேன்.

அன்று எஞ்சின் நிற்கவே இல்லை. தண்ணீர் மடையைத் தாண்டி வெடிப்புகளுக்குள் இறங்கியபோது மண்ணிலிருந்து காற்றுக் குமிழிகள் சின்னச் சின்னதாக மேலே வந்து உடைந்தன. வயல் முழுக்க மழை தூறுவது போல ஒரு சத்தம். உங்கம்மா வரப்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நீ உள்ளே உதைத்தாயாம், அப்போதுதான் சொன்னாள். எஞ்சின் சத்தம், தூரத்தில் நீல மலை, தட்டான்கள் தண்ணீரின் மேல் நின்று நின்று பறந்தது எல்லாம் எனக்கு இப்போதும் கண்ணை மூடினால் வருகிறது. அந்தச் சந்தோஷத்தில் நான் கூழ்த் தூக்கை ஏழுமலை பக்கம் நகர்த்தி, "அப்பா காலத்துல இதுக்கு இந்தத் தொல்லையே இல்லையே" என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரியவரு மூடிய எப்பவும் இறுக்க மாட்டாரு சார். லூசா வெச்சுத்தான் ஓட்டுவோம். அந்த ஓட்டை அடிக்கடி அடைச்சுக்கும். மொத நாளே சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீங்க பாடம் நடத்திக்கினு இருந்தீங்க."

நெல் தேறியது. அறுவடை நன்றாகவே இருந்தது. களத்தில் தூற்றி முடித்த அன்று ஏழுமலை வந்து, "நெலத்த வேற யாருக்காச்சும் வுட்டுடுங்க சார். நான் திருக்கோவிலூர்ப் பக்கம் எடம் பாத்துக்கினேன்" என்றார். நான் திடுக்கிட்டேன். "இங்க இன்னா கொறை? வாரம் ஜாஸ்தின்னா கம்மி பண்ணிக்கலாமே" என்றேன். "அதெல்லாம் இல்ல சார். அங்க ஆத்துத் தண்ணி. எஞ்சின் வேணாம்" என்றார்.  அவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்றுதான் அந்தத் தண்ணீருக்கு அத்தனை பாடுபட்டோம். தண்ணீர் வந்தது, நெல் வந்தது, அவர் போய்விட்டார். அவரை அனுப்பியது நான் கேட்ட ஒரு கேள்வி. அவர் அதைத் திருப்பி எடுத்து என் முகத்தில் எறியவில்லை, நான்கு பேரிடம் சொல்லிக் குறைப்படவும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள், சட்டி பானை, ஒரு ஆடு எல்லாவற்றோடும் தென்பெண்ணைக் கரைக்குப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாய்ப்பும் வந்தது. உனக்கு ஏழெட்டு வயது, உன்னைக் கூட்டிக்கொண்டு திருக்கோவிலூர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கூடையில் வெள்ளரிப் பிஞ்சு வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. "இவன்தான் அந்தக் குளவிக்கூட்டுப் புள்ளையா?" என்று உன் தலையைத் தடவி, உன் கையில் இரண்டு பிஞ்சு கொடுத்தார். உனக்கு ஞாபகம் இருக்காது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசிய வாய் அது. "எப்பிடி இருக்கே... எப்பிடி இருக்கீங்க" என்று மட்டும் கேட்டது. அவர் அந்த "ங்க"வைக் கவனித்தாரா என்று தெரியாது. "சார், உங்க வண்டி கிளம்புது பாருங்க" என்றார். ஏறிவிட்டேன். ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அப்புறம் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய் விசாரித்தேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் உன்னைக் குற்றவாளி ஆக்குவதற்காக எழுதவில்லை கண்ணு. நீ சடையனைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கலாம். கடைசியாகத் தொட்டவர் அவர்தான், அவர் முழித்ததும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மலையில் பிறந்து வளர்ந்த மனிதர், கீழேயிருந்து வந்து நிலம் வாங்கியவனின் பொருள் கெட்டுக் கிடக்கும்போது முழிக்காமல் என்ன செய்வார்? பழி எந்தப் பக்கமாக உருளும் என்று அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். நீயும் அவரும் அந்த ஓடைக்கரையில் இன்னும் இருபது வருஷம் சேர்ந்து இருக்கப் போகிறீர்கள். மிளகுக்கொடி ஏறிக் காய்க்கவே மூன்று நாலு வருஷம் ஆகும். எஞ்சின் போனால் வேறொன்று வாங்கலாம். நீ கேட்கப் போகிற கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டால், டேங்கில் ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரிந்தாலும், கேட்டது கேட்டதுதான்.

அதனால் சனிக்கிழமை நான் மேலே சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடு. கிளம்பினால் நல்லது. கிளம்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் முதலில் ஒரு டம்ளர் டீ கொடு. பிறகு எஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்காருங்கள். "சடையண்ணே, இது ஏன் கிளம்ப மாட்டேங்குதுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?" என்று கேள். அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். அவர் யோசிக்கிற நேரத்தில் நீ எதையும் விளக்காதே, கயிற்றையும் இழுக்காதே. கையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திரு.

அப்பா